ஆகாசவாணி, தூர்தர்ஷன், பிபிசி: உரிமக் கட்டணமா, விளம்பரமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூர்தர்ஷன் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், "அது யார் வீட்டுக் காசில் ஓடுது?" என்ற கேள்வி பின்னாலேயே வரும். பிரிட்டனில் பிபிசிக்கு மக்கள் நேரடியாகக் கட்டணம் கட்டுகிறார்கள். நம் ஊரிலும் ஒரு காலத்தில் கட்டினார்கள், பிறகு அது போய் விளம்பரம் வந்தது. இரண்டில் எது சரி என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். எழுதுகிறவனுக்குச் சொந்தமாக ஓர் அபிப்பிராயம் உண்டு, அதை ஒளிக்கவும் இல்லை.

பொது ஒலிபரப்பு, அரசு ஒலிபரப்பு, இரண்டும் ஒன்றுதானே?

காகிதத்தில் வேறு வேறு. அரசு ஒலிபரப்பு அமைச்சகம் சொல்கிறபடி நடப்பது. பொது ஒலிபரப்புக்கு ஒரு சட்டமோ சாசனமோ கடமைகளை வகுத்திருக்கும், எந்தச் செய்தி முதலில் போகும் என்பதில் அமைச்சருக்கு வேலை இருக்காது. பிபிசி இந்த இரண்டாம் வகை. ஆகாசவாணி என்கிற ஆல் இந்தியா ரேடியோவையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதியும் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டாம் வகைதான். நடைமுறையில் எந்த வகை என்பதை இரவுச் செய்தியைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு நீங்களே சொல்லலாம்.

ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். வீட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ரேடியோ வாங்கினால் தபால் நிலையத்துக்குப் போய் உரிமம் எடுக்க வேண்டும். சின்னதாக ஒரு புத்தகம் கொடுப்பார்கள். உரிமதாரர் பெயர், விலாசம், பெட்டி மர்ஃபியா பிலிப்ஸா, என்ன மாடல் என்பதெல்லாம் அதில் பதிவாகும். ஆண்டுதோறும் அந்தப் புத்தகத்தோடு போய்ப் பணம் கட்டினால், இதற்கென்றே அச்சடித்த வில்லையை உள்ளே ஒட்டி, அதன்மேல் தபால் முத்திரையைக் குத்தித் தருவார்கள். 1960, 70-களில் ரேடியோவுக்கு ஆண்டுக்கு 15 ரூபாய், பின்னால் வந்த தொலைக்காட்சிக்கு 50 ரூபாய். தவணை தப்பினால் அபராதம். டீக்கடையிலோ ஓட்டலிலோ பெட்டி வைத்துப் பாட்டுப் போட்டால் அதற்கு வணிக உரிமம் தனி, கட்டணமும் கூடுதல். சோதனை போட இன்ஸ்பெக்டர் வருவார். புத்தகம் இல்லையென்றால் பெட்டியையே எடுத்துப் போகவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. அவர் தெருமுனையில் திரும்பும்போதே ரேடியோவைப் போர்வைக்குள் சுருட்டிய கதைகள் ஊருக்கு ஊர் உண்டு.

ஒன்றைக் கவனியுங்கள். உரிமம் பெட்டிக்குத்தான், நிலையத்துக்கு இல்லை. திருநெல்வேலியிலோ நாகப்பட்டினத்திலோ ஒருவர் நாள் முழுக்க இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டுகளை மட்டுமே கேட்டாலும் இந்திய அரசுக்கு 15 ரூபாய் கட்டியே ஆக வேண்டும். அப்படிக் கட்டியவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை.

அந்தப் பணம் நேரே வானொலிக்குப் போனதா?

ஆரம்பத்தில் போனது. 1927-ல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையம் தொடங்கிய இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி ஒரு தனியார் நிறுவனம். உரிமக் கட்டணம் அப்போது 10 ரூபாய், அதில் 80 சதவீதம் கம்பெனிக்கு. மூன்று வருடம் ஓடியும் உரிமங்களின் எண்ணிக்கை எட்டாயிரத்தைத்தான் நெருங்கியது. தலைக்கு 8 ரூபாய் வீதம் பெருக்கிப் பாருங்கள், இரண்டு பெருநகர நிலையங்களை நடத்த அது எந்த மூலைக்கு? 1930-ல் கம்பெனி கலைக்கப்பட்டது, நிலையங்களை அரசு எடுத்துக்கொண்டது. 1936-ல் ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் வந்தது.

சென்னையின் கதை இன்னும் சுவாரசியமானது. 1924-லேயே சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. பணமில்லாமல் 1927-ல் மூடியது. 1930 முதல் மாநகராட்சி அந்தப் பொறுப்பை ஏற்று நடத்தியது. மாலை நேரத்தில் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து, பெட்டி வாங்க வசதியில்லாதவர்களும் கேட்கும்படி செய்தார்கள். 1938-ல் ஆல் இந்தியா ரேடியோவின் சென்னை நிலையம் வந்தபின் மாநகராட்சி விலகிக்கொண்டது. கிளப், நகராட்சி நிதி, உரிமம், பின்னாளில் விளம்பரம் என்று ஒலிபரப்புக்குக் காசு தேடும் வழிகளில் பெரும்பாலானவற்றைச் சென்னை ஒருத்தியே பார்த்துவிட்டாள்.

வானொலி அரசுத் துறையான பிறகு உரிமப் பணம் அரசுக் கணக்கில் சேர்ந்தது, வானொலியின் செலவுக்குப் பட்ஜெட்டில் ஒதுக்கினார்கள். கட்டணம் கட்டுகிறவருக்கும் நிலையத்துக்கும் இடையில் அமைச்சகம் உட்கார்ந்துவிட்டது. "உரிமக் கட்டணம் இருந்தால் ஒலிபரப்பு சுதந்திரமாக இருக்கும்" என்று சொல்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1975 முதல் 1977 வரை நெருக்கடிநிலைக் காலத்தில் உரிமக் கட்டணம் அமலில்தான் இருந்தது. லட்சக்கணக்கான வீடுகள் ஒழுங்காக வில்லை ஒட்டிக்கொண்டிருந்தன. அதே காலத்தில்தான் அந்த வானொலியை மக்கள் "ஆல் இந்திரா ரேடியோ" என்று கேலி செய்தார்கள்.

பிறகு ஏன் கட்டணத்தை நிறுத்தினார்கள்?

டிரான்சிஸ்டர் வந்ததுதான் முக்கியக் காரணம். மேசைமேல் உட்கார்ந்திருக்கும் பெரிய பெட்டியைக் கண்டுபிடிப்பது சுலபம். மாட்டுவண்டியிலும் வயல்வரப்பிலும் தோளில் தொங்கும் டிரான்சிஸ்டரை எந்த இன்ஸ்பெக்டர் எண்ணுவார்? வசூல் வேலையே பெரிய செலவாகிவிட்டது. இன்னொரு பக்கம் விளம்பர வருமானம் ஏறிக்கொண்டிருந்தது. 1980-களின் நடுவில் உரிம முறைக்கே முடிவு கட்டினார்கள். யாரும் அழவில்லை.

விளம்பரம் வந்ததும் நிகழ்ச்சிகள் கெட்டுப்போனதா?

அவ்வளவு நேர்க்கோட்டில் நடக்கவில்லை. சில விஷயங்களில் நல்லதும் நடந்தது.

1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர் சாஸ்திரிய சங்கீத பக்தர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார், அது வானொலியில் சுருங்கியது. ஜனங்கள் முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். விளம்பரக் காசில் ஓடிய கொழும்பின் வர்த்தக சேவைக்கு இந்தியா முழுக்க நேயர்கள். தமிழ்நாட்டில் எஸ்.பி.மயில்வாகனனின் குரலுக்கும், பின்னாளில் பி.எச்.அப்துல் ஹமீதின் குரலுக்கும் இருந்த வரவேற்பைப் பழைய நேயர்கள் இன்றும் சொல்வார்கள். போனவர்களைத் திரும்ப அழைக்க 1957-ல் விவித் பாரதி தொடங்கப்பட்டது. 1967-ல் அதில் விளம்பரமும் நுழைந்தது. கட்டண வானொலி "உனக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும்" என்றது. நேயருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டது விளம்பர வானொலி.

தூர்தர்ஷனில் விளம்பரம் 1976 ஜனவரி 1 முதல். பெரிய மாற்றம் வந்தது 1984-ல், நூடுல்ஸ் கம்பெனி ஆதரவில் ஒளிபரப்பான 'ஹம் லோக்' தொடரோடு. குடும்பக் கட்டுப்பாட்டையும் பெண்களின் நிலையையும் கதை வழியாகச் சொல்வதுதான் திட்டம். முதல் பதின்மூன்று பகுதிகள் உபதேசமாக இருந்ததால் எடுபடவில்லை. பிறகு குடும்பக் கட்டுப்பாட்டைப் பின்னுக்குத் தள்ளிக் குடும்பச் சண்டைகளை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள், தொடர் பிய்த்துக்கொண்டு போனது. விளம்பரப் பணம் என்ன செய்யும் என்பதன் நன்மை, தீமை இரண்டும் இந்த ஒரு தொடரிலேயே இருக்கிறது.

1987-ல் ராமாயணம் வந்தபோது ஞாயிறு காலையில் தெருக்கள் வெறிச்சோடின. அப்போது விளம்பரதாரர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. சென்னைத் தொலைக்காட்சியிலும் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்கப் பக்கத்து வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும், ஊரில் வேறு சேனல் கிடையாது. 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி வந்தது. விளம்பரம் பார்வையாளர்களைத் தேடிப் போகும், சேனலிடம் அதற்கு விசுவாசம் எதுவும் கிடையாது. தூர்தர்ஷனின் கையில் மிஞ்சியது பழைய செலவுகளும் சுருங்கும் வருமானமும்.

விளம்பரம் கொடுக்கிறவர் செய்தியில் மூக்கை நுழைப்பாரே?

நுழைக்கலாம். சோப்புக் கம்பெனி ஆசிரியரைக் கூப்பிட்டு மிரட்டுவது அடிக்கடி நடப்பதில்லை. பெரிய சேதம் சத்தமில்லாமல் நிகழ்ச்சி அட்டவணையில் நடக்கும். இரவு எட்டு மணியை யார் அதிக விலைக்குக் கேட்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தால், விவசாய நிகழ்ச்சி மதியத்துக்கு நகரும், பிறகு விடிகாலைக்கு நகரும், பிறகு காணாமல் போகும். எவரும் உத்தரவு போட்டிருக்க மாட்டார்கள்.

இதை விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனில் 1982-ல் தொடங்கிய சேனல் 4 அரசுக்குச் சொந்தமானது, விளம்பரத்தில் ஓடுவது. லாபத்தைப் பங்குதாரருக்குக் கொடுக்க வேண்டியதில்லை, புதிய குரல்களுக்கும் சிறுபான்மையினருக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டக் கடமையும் உண்டு. பல காலம் அது பிபிசியைவிடத் துணிச்சலாக இருந்தது. அந்தக் கடமை எழுத்தில் இல்லாமல் விளம்பரத்தை மட்டும் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு எங்கும் போக வேண்டாம், ரிமோட்டை எடுங்கள்.

விளம்பரத்தால் ஒருபோதும் ஓடாத நிகழ்ச்சி என்று உண்டா?

உண்டு, இந்த விவாதமே அதற்காகத்தான்.

1960-களின் பிற்பகுதியில் தஞ்சைப் பகுதிக்கு ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. விதைப்பது எப்படி, உரம் எப்போது, பூச்சிக்கு என்ன என்பதையெல்லாம் திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு விவசாயியின் பேச்சிலேயே சொல்லிக்கொண்டிருந்தது. ஜனங்கள் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடைக்காரரிடம் போய் ரேடியோ நெல் விதை கொடு என்று கேட்டு வாங்கும் அளவுக்கு ஒரு ஒலிபரப்பு வயலில் இறங்கியது. உரக் கம்பெனி இதற்கு விளம்பரம் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்திருந்தால் "இந்த வருடம் உரம் குறைவாகப் போதும்" என்று நிலையத்தால் சொல்ல முடியுமா?

கடலோர நிலையங்கள் மீனவர்களுக்குப் படிக்கும் வானிலை எச்சரிக்கையும் அப்படித்தான். புயல் ராத்திரியில் கரண்டும் செல்போன் கோபுரமும் போனபின் பேட்டரி ரேடியோ மட்டும் பேசும். அந்த ஒரு ராத்திரிக்காக வருடம் முழுக்க டிரான்ஸ்மிட்டரை உயிரோடு வைத்திருக்க வேண்டும், எந்த விளம்பரதாரரும் அதற்குக் காசு தர மாட்டார்.

சிறிய மொழிகள் இன்னொரு ரகம். சிங்கப்பூரில் தமிழ் பேசும் மக்கள் சில லட்சம் பேர். அங்கே இருபத்துநாலு மணி நேரத் தமிழ் வானொலியாக ஒலி 96.8-ம், தமிழுக்கென வசந்தம் தொலைக்காட்சியும் இருக்கின்றன. விளம்பரச் சந்தையை மட்டும் நம்பினால் இந்த அளவு வராது, அரசின் பொது ஒலிபரப்பு நிதிதான் தாங்குகிறது. சிங்கப்பூரிலும் வீட்டுக்கு ஆண்டுக்கு 110 வெள்ளி தொலைக்காட்சி உரிமக் கட்டணம் இருந்தது, 2011-ல் எடுத்துவிட்டார்கள். தமிழ்ச் சேவை நிற்கவில்லை. கட்டணம் போவதும் சேவை போவதும் ஒன்றில்லை என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடைக்காது.

பிபிசி உரிமக் கட்டணம் எப்படி வேலை செய்கிறது?

2025 ஏப்ரல் நிலவரப்படி வீட்டுக்கு ஆண்டுக்கு 174.50 பவுண்டு. கறுப்பு வெள்ளைப் பெட்டிக்கு 58.50 பவுண்டு. ஆமாம், இன்னும் சிலர் அப்படிக் கட்டுகிறார்கள். எந்தச் சேனலையும் நேரலையாகப் பார்த்தாலோ, பிபிசியின் ஐபிளேயர் என்ற இணையச் சேவையைப் பயன்படுத்தினாலோ உரிமம் வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் படம் மட்டும் பார்ப்பவருக்குத் தேவையில்லை. கட்டாமல் பார்த்தால் அது குற்றம், 1,000 பவுண்டு வரை அபராதம் போடலாம்.

கட்டணம் பிறந்தது 1922-ல், ரேடியோவுக்கு 10 ஷில்லிங். தொலைக்காட்சிக்கு 1946-ல் 2 பவுண்டு. ரேடியோ கட்டணத்தை 1971-ல் எடுத்தார்கள். விளம்பரம் வேண்டும் என்ற கூச்சல் 1980-களில் மார்கரெட் தாட்சர் ஆட்சியில் உச்சத்துக்குப் போனது. அதை ஆராய அமைத்த பீக்காக் குழுவே 1986-ல் பிபிசியில் விளம்பரம் வேண்டாம் என்றது. நிகழ்ச்சிகளின் வகை குறுகும் என்பது ஒரு காரணம். இன்னொரு விஷயத்தைப் பலர் சொல்வதில்லை. 1955 முதல் விளம்பரத்தில் ஓடும் ஐடிவி போன்ற தனியார் நிறுவனங்களே பிபிசிக்கு விளம்பரம் கொடுக்கக் கூடாது என்று நினைத்தன. நாட்டில் விளம்பரப் பணம் ஒரே பானையில்தான் இருக்கிறது, இன்னொரு கை உள்ளே நுழைந்தால் தங்களுக்குக் குறையுமே!

அப்படியானால் பிபிசி முழுச் சுதந்திரமாக இருக்கிறதா?

ஒப்பீட்டளவில். கட்டணத் தொகையை நிர்ணயிப்பது அரசு. 2010 முதல் 2017 வரை 145.50 பவுண்டிலேயே நிறுத்தி வைத்தார்கள், 2022-ல் மறுபடி இரண்டு வருடம் 159-ல் நிறுத்தினார்கள். விலைவாசி ஏறும்போது தொகை ஏறாவிட்டால் அதுவே வெட்டுதான். 75 வயதைத் தாண்டியவர்களுக்கு இலவச உரிமம் என்பது அரசு கொடுத்த சலுகை. 2015-ல் அந்தச் செலவை பிபிசியின் தலையில் கட்டினார்கள். தாங்க முடியாமல் 2020-ல் ஏழை ஓய்வூதியர்களுக்கு மட்டும் என்று பிபிசி சுருக்கியபோது கெட்ட பெயர் பிபிசிக்கு.

பிபிசியின் உலக சேவைக்குக் காசு கொடுத்துவந்தது வெளியுறவு அமைச்சகம். 2014 முதல் அந்தப் பாரத்தில் பெரும்பங்கு உரிமக் கட்டணத்தில் விழுந்தது. 1941-ல் தொடங்கிய பிபிசி தமிழ்ச் சேவைக்கும் அதிலிருந்துதான் பங்கு. தமிழோசை சிற்றலை ஒலிபரப்பு 2017-ல் நின்றது, இணையத்தில் தமிழ் தொடர்கிறது. மான்செஸ்டரில் யாரோ ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் கட்டும் காசில் ஒரு துளி, நாம் படிக்கும் தமிழ்ச் செய்திக்கு வருகிறது. பிரிட்டனுக்கு வெளியே பிபிசி இணையதளத்தில் விளம்பரமும் உண்டு என்பதால் தூய்மை பற்றி அவர்களும் ரொம்பப் பேச முடியாது. பிபிசியின் கடமைகளை வகுக்கும் இப்போதைய சாசனம் 2027 இறுதியில் முடிகிறது.

ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே கட்டணம் என்பது நியாயமா?

இல்லை. உரிமக் கட்டணத்தின் ஆகப் பலவீனமான இடம் இது. கோடீஸ்வரர் வீட்டுக்கும் ஒற்றை அறையில் குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகைதான். பிரிட்டனில் கட்டணம் கட்டாததற்காகத் தண்டிக்கப்படுகிறவர்களில் பெரும்பான்மை பெண்கள், காரணம் எளிது: பகலில் கதவைத் தட்டும்போது வீட்டில் இருப்பவர் அவர்தான்.

மற்ற நாடுகளில்?

ஆளுக்கொரு வழி. இத்தாலி 2016 முதல் கரண்ட் பில்லோடு சேர்த்து வசூலிக்கிறது, ஏய்ப்பு ஒரேயடியாகக் குறைந்தது. பிரான்ஸ் 138 யூரோ கட்டணத்தை 2022-ல் ஒழித்துவிட்டு வரியிலிருந்து கொடுக்கிறது. ஸ்வீடன், நார்வே, டென்மார்க்கும் கட்டணத்தை விட்டுவிட்டு வரிக்கு மாறின. சுவிட்சர்லாந்தில் கட்டணத்தையே ஒழிக்கலாமா என்று 2018-ல் பொது வாக்கெடுப்பு வைத்தார்கள், 71.6 சதவீதம் பேர் வேண்டாம், இருக்கட்டும் என்றார்கள். ஜப்பானின் என்எச்கே விளம்பரமே இல்லாமல் கட்டணத்தில் ஓடுகிறது.

ஜெர்மனியில் மட்டும் கொஞ்சம் நிற்கலாம். 2013 முதல் அங்கே பெட்டி இருக்கிறதா, பார்க்கிறீர்களா என்ற கேள்வியே இல்லை, வீட்டுக்கு இவ்வளவு. எவ்வளவு தேவை என்பதை அரசியல்வாதிகள் முடிவு செய்வதில்லை, ஒரு தனி நிபுணர் குழு கணக்குப் பார்த்துச் சொல்லும். அந்தக் குழு மாதம் 17.50 யூரோவை 18.36 ஆக்கச் சொன்னது. 86 சென்ட்தான் வித்தியாசம். ஒரே ஒரு மாநிலம், சாக்சனி-அன்ஹால்ட், 2020 இறுதியில் அதற்குக் கையெழுத்துப் போடாமல் முடக்கியது. வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் போனது. அரசுகள் இஷ்டத்துக்குத் தடுக்கக் கூடாது, ஒலிபரப்புச் சுதந்திரத்தில் போதிய நிதியும் அடக்கம் என்று 2021-ல் தீர்ப்பு வந்தது, கட்டணமும் உயர்ந்தது.

வம்பே வேண்டாம், வரிப்பணத்திலிருந்து கொடுத்துவிட்டால் என்ன?

கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் வருடா வருடம் பட்ஜெட் போடுகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். ஆஸ்திரேலியாவில் 1974-லேயே உரிமக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், அந்நாட்டுப் பொது ஒலிபரப்பான ஏபிசி அரசு நிதியில் ஓடுகிறது. 2013 தேர்தலுக்கு முன் ஏபிசிக்கு வெட்டு இல்லை என்றார் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டோனி அபாட். ஜெயித்து அடுத்த வருடமே வெட்டினார். அமெரிக்காவில் நடந்தது இன்னும் கடுமை. 1967-ல் உருவான பொது ஒலிபரப்புக் கழகத்துக்கு ஏற்கெனவே ஒதுக்கிய சுமார் 110 கோடி டாலரை 2025 ஜூலையில் நாடாளுமன்றம் திரும்ப எடுத்துக்கொண்டது, அடுத்த மாதமே கழகம் கடையைக் கட்டுவதாக அறிவித்தது.

பிரசார் பாரதிக்கு இப்போது காசு எங்கிருந்து வருகிறது?

முக்கியமாக அரசு மானியம். ஆண்டுக்கு இரண்டாயிரம் கோடி ரூபாய்க்கு மேல், பெரும்பாலும் சம்பளத்துக்கு. கருவிகள், கட்டமைப்புக்காக 2023-ல் தனியாக 2,539 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். இதற்கு மேல் விளம்பரம், அதில் அரசு விளம்பரங்களும் சேர்த்தி. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி முக்கியக் கிரிக்கெட் ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும், அதில் வரும் விளம்பரப் பணத்தில் 25 சதவீதம் பிரசார் பாரதிக்கு.

பலர் கவனிக்காத வருமானம் ஒன்று இருக்கிறது. 2004-ல் தொடங்கிய தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணம் இல்லாத டிஷ், நாலு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இருப்பதாக மதிப்பீடு. அதில் இடம் பிடிக்கத் தனியார் சேனல்கள் ஏலத்தில் போட்டி போடுகின்றன, பல நூறு கோடி ரூபாய் வருகிறது. பார்வையாளர் தூர்தர்ஷனைப் பார்க்காவிட்டாலும் தூர்தர்ஷனுக்குக் காசு! தபால் நிலையத்து வில்லை காலத்து நியாயம் வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது.

இனி சட்டப் புத்தகம். பிரசார் பாரதி சட்டம் 1990-ல் நிறைவேறி 1997-ல்தான் அமலுக்கு வந்தது. அதன் 17-ஆம் பிரிவு, "உரிமக் கட்டணம் ஏதும் இருந்தால்" வசூல் செலவு போக மீதியையும், அரசு தேவை என்று கருதும் பிற தொகைகளையும் நாடாளுமன்ற ஒப்புதலோடு மத்திய அரசு பிரசார் பாரதிக்கு வழங்கலாம் என்கிறது. கட்டணம் ஒழிந்து சில வருடங்களுக்குப் பின் எழுதிய சட்டம் இல்லாத கட்டணத்தை முதலில் வைக்கிறது. அடுத்து, எவ்வளவு என்பதை அரசின் கருத்துக்கே விடுகிறது. "வழங்கலாம்" என்கிறதே தவிர "வழங்க வேண்டும்" என்று சொல்லவில்லை. தன்னாட்சி என்ற பேச்சு முழுக்க இந்தப் பிரிவில் வந்து முட்டிக்கொள்கிறது. சம்பளப் பணத்தை யார் அனுப்புகிறாரோ அவருடைய போனை எடுக்காமல் இருப்பது கஷ்டம்.

இந்தியாவில் உரிமக் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவரலாமா?

வேண்டாம். வசூல் செய்யவும் முடியாது. பார்ப்பது பெட்டியில் மட்டும் இல்லை, போனிலும்தான். கேபிளுக்கும் இணையத்துக்கும் ஏற்கெனவே கட்டுகிற குடும்பத்திடம் இன்னொரு ரசீதை நீட்டினால் எந்தக் கட்சியும் தாங்காது. இத்தாலி மாதிரி கரண்ட் பில்லில் சேர்க்கலாமே என்பவர்களுக்கு: இங்கே மின்சாரம் மாநிலங்களின் கையில். தில்லியின் செய்திக்குச் சென்னையில் மின்கட்டணத்தோடு வசூல் என்றால் அந்தச் சண்டையைத் தூர்தர்ஷன் நேரலையாகக் காட்டி நன்றாகச் சம்பாதிக்கலாம்.

நான் தூர்தர்ஷன் பார்ப்பதே இல்லை. நான் ஏன் கொடுக்க வேண்டும்?

இப்போதும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், வரியாக. தனியார் சேனலுக்கும் கொடுக்கிறீர்கள். கடையில் வாங்கும் பற்பசை விலைக்குள் அதன் விளம்பரச் செலவும் இருக்கிறது, அந்தச் சேனலைப் பார்க்காதவரும் அதைக் கட்டுகிறார். "இலவச" டிவி என்று ஒன்று கிடையாது. கொடுப்பதற்குப் பதிலாக என்ன கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று கேளுங்கள். தனியாரிடம் சேனலை மாற்றலாம், அவ்வளவே. பிரசார் பாரதியிடம் கணக்குக் கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், உங்கள் கட்சி எது?

விளம்பரமா கட்டணமா என்று கேட்பது பாதிக் கேள்வி. கோபம் வந்தால் பணத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். உரிமக் கட்டணம் அமைச்சகம் வழியாக வந்தால் நெருக்கடிநிலை வானொலி கிடைக்கும். விளம்பரம் மட்டும் என்றால் ரேடியோ நெல் கிடைக்காது.

எனக்குப் பிடித்த ஏற்பாடு கலப்படமானது. பாட்டு, தொடர், கிரிக்கெட்டில் விளம்பரம் இருக்கட்டும். செய்தி, விவசாயம், குழந்தைகள் நிகழ்ச்சி, வானிலை இவற்றில் கூடாது, அரசு விளம்பரமும் கூடாது. ஃப்ரீ டிஷ் ஏலப் பணம் முழுக்க நிகழ்ச்சி தயாரிப்புக்குப் போகட்டும், அதிலும் பாதிக்குக் குறையாமல் மாநில மொழி நிலையங்களுக்கு. திருச்சியிலும் கோவையிலும் காரைக்காலிலும் ஆள் இல்லாத ஸ்டூடியோவை வைத்துக்கொண்டு தில்லியில் செட் போடுவது யாருக்கு உபயோகம்? அடிப்படைச் செலவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு தனி ஆணையம் நிர்ணயிக்க வேண்டும், நடுவில் எந்த அரசும் கை வைக்க முடியாதபடி. ஜெர்மனிக்காரர்களிடம் கடன் வாங்க வேண்டியது இது ஒன்றுதான். 17-ஆம் பிரிவில் "வழங்கலாம்" என்பதை "வழங்க வேண்டும்" என்று திருத்தினால் பாதி தூரம் வந்துவிடும். அந்தத் திருத்தத்தை ஆளுங்கட்சியாக இருக்கும்போது எந்தக் கட்சி கொண்டுவரும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. 1978-லேயே அரசு அமைத்த வர்கீஸ் குழு வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் தன்னாட்சியுள்ள அமைப்பு வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. சட்டமாக 12 வருடமும், அந்தச் சட்டம் அமலுக்கு வர இன்னும் 7 வருடமும் பிடித்தது.

தாத்தாவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் பரணில் கிடைத்தது. பாக்கி ஏதாவது கட்ட வேண்டுமா?

வேண்டாம். சட்டப்படி அதற்கு இன்று எந்த வேலையும் இல்லை. வில்லைகள் கிழியாமல் இருந்தால் தபால்தலை சேகரிப்பவர்கள் ஆசையாகக் கேட்பார்கள். விற்பதற்கு முன் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டு ரேடியோ எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று வேறு எங்கும் பதிவாகியிருக்காது.